சாக்பீஸ் படாத பந்து

என் பந்து ஜாக்கைத் தொட்டது. அதைப் பார்த்தவர்கள் அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. லான் பவுல்ஸ் என்றால் பெங்களூரில் எங்கள் மர்பி டவுனில் பாதிப் பேர் நான் கிரிக்கெட்டில் பந்து வீசுகிறேன் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர், மாலில் காசு கொடுத்து உருட்டி மரக்குப்பிகளைச் சாய்ப்பார்களே, அது என்று நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. ஒட்ட வெட்டிய புல்தரை. அதில் முதலில் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை உருட்டி நிறுத்துவார்கள். அதுதான் ஜாக். பிறகு இரண்டு அணியும் மாற்றி மாற்றிப் பெரிய பந்துகளை உருட்ட வேண்டும். ஜாக்குக்கு யார் பந்து பக்கத்தில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கேட்க எளிது. ஆனால் அந்தப் பெரிய பந்து முழு உருண்டை கிடையாது. ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துச் செய்திருப்பார்கள், அதனால் நேராகப் போகாது. வளைந்து வளைந்து போய், வேகம் குறையக் குறைய இன்னும் வளையும். நீங்கள் குறி வைப்பது ஜாக்கை அல்ல, ஜாக்குக்கு வெகுதூரம் தள்ளி வெறும் புல்லை. முதல்முறை அந்த வளைவைப் பார்த்தபோது எனக்குப் பைத்தியம் பிடித்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டில் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். பந்து அதில் விழுந்தால் செத்தது, எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். ஜாக்கைத் தொட்ட பந்துக்கு மட்டும் சலுகை, பள்ளத்தில் விழுந்தாலும் அதற்கு உயிர் உண்டு. அது தொட்ட பந்துதான் என்பதற்கு அடையாளமாக, அடுத்த பந்து வந்து நிற்பதற்குள் அதன்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இல்லையென்றால் தொடவே இல்லை என்றுதான் கணக்கு. விதி அவ்வளவுதான். ஒரு கோடு.

நாலு பேர் ஆடும் அணியில் நான் லீட். ஆளுக்கு இரண்டு பந்து, முதலில் உருட்டுவது நான். கடைசியாக ஆடுபவர் ஸ்கிப், அவர்தான் கேப்டன். நாங்கள் ஒரு முனையிலிருந்து உருட்டும்போது அவர் மறுமுனையில் ஜாக்குக்குப் பக்கத்தில் நின்று, இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் போ என்று கை காட்டுவார். சாக்பீஸ் அவர் பாக்கெட்டில் இருக்கும்.

எங்கள் ஸ்கிப் ஆஸ்டின் டவுன் அக்கா. என்னை இந்த ஆட்டத்துக்கு இழுத்து வந்ததே அவர்தான். கல்லூரியில் நான் த்ரோபால் ஆடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மைதான ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இன்னாடி, கை நல்லா நிக்குது உனுக்கு. நாலு பேர் வேணும், மூணு பேர் வெச்சிக்கினு திண்டாடறேன். வர்றியா?" என்றார். போனேன். கர்நாடகத்தில் இந்த ஆட்டம் ஆடும் பெண்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கிளப்பின் பின்புறத்தில் எங்களுக்குப் பயிற்சி. முன்வாசலில் விடமாட்டார்கள். காய்கறி வண்டி வரும் பின்கேட் வழியாகத்தான் போக வேண்டும், கழிப்பறை வேண்டுமென்றால் சமையல்காரர்களுடைய கழிப்பறை. நெஞ்சில் இந்தியா என்று எழுதிய சட்டையோடு நான் அந்தப் பின்கேட்டில் நின்றிருக்கிறேன். காவலாளி என் முகத்தைப் பார்க்கமாட்டார், ஷூவின் அடியைத்தான் பார்ப்பார், புல் கெட்டுவிடுமாம். அதே புல்லில் ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்களின் பிள்ளைகள் ஃபுட்பால் ஆடுவார்கள்.

இதையெல்லாம் அன்று நான் பொருட்படுத்தவில்லை. எனக்கு ஆட்டம் வேண்டும், அவ்வளவுதான். படிப்பு முடிந்ததும் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. விடிந்ததும் பயிற்சி, பிறகு மெட்ரோ, மெஜஸ்டிக்கில் மாறி பீன்யா, சாயங்காலம் மறுபடி பயிற்சி. வெளிநாட்டு லீட்கள் கையை எப்படி விடுகிறார்கள் என்று ஃபோனில் பார்த்துக்கொண்டே படியில் தடுக்கி விழுந்திருக்கிறேன். லீவு கேட்டுப் போனால் சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏனம்மா, கோலி ஆடோக்கெ ரஜானா?" என்பார். கோலி விளையாட லீவா என்று. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு லீவை வாங்கிக்கொள்வேன். ஆட்டத்துக்கு வந்த இரண்டாவது வருடமே ஆசிய லான் பவுல்ஸ் போட்டிக்குத் தேர்வானேன். வெளிநாட்டில் முதன்முறை நிஜமான புல்லைப் பார்த்தேன். பந்தைக் கையிலிருந்து விட்டதும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. நிறையத் தோற்றோம், கொஞ்சம் ஜெயித்தோம். திரும்பி வரும்போது விமானத்தில் அக்காவிடம் அடுத்த தடவையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "தூங்குடி" என்றார்.

அடுத்த தடவை என்பது போன வருடம் வந்தது. பெரிய போட்டி. வடக்கே ஒரு ஊரில் தேர்வு ஆட்டங்கள். லீட் இடத்துக்கு நானும் வேறொரு மாநிலத்துப் பெண்ணும். எங்கள் இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்று தேர்வுக் குழுவில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்காவுக்கு வலது முட்டி போய்விட்டது. அது எங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரியும். பந்து உருட்டும்போது இடது கால்தான் முன்னால் மடங்கும் என்பதால் ஆட்டத்தில் தெரியாது. ஆனால் தரையில் கிடக்கும் பந்துவரை குனிந்து எழ முடியாது. வெளியே தெரிந்தால் உடல்தகுதி என்று சொல்லிக் கழித்துவிடுவார்கள். ஆகவே நாங்களே ஒரு வழக்கம் செய்துகொண்டோம். எங்கள் மைதானத்தில் பந்து ஜாக்கைத் தொட்டால் யாரும் கோடு போடுவதில்லை. அக்கா கையைத் தூக்கி "டச்" என்பார். அவ்வளவுதான், அது தொட்ட பந்து. பந்தையும் மூன்றாவதாக ஆடுபவள் எடுத்துக் கையில் கொடுப்பாள். வெளியூர் அணி வந்து கேட்டால், பெங்களூரில் எப்போதும் தூறல், ஈரப் பந்தில் சாக்பீஸ் பிடிக்காது என்று சொல்லுவோம். அவர்களும் நம்பினார்கள். போகப் போக நாங்களும் நம்பினோம். ஒரு அணி முழுவதும் ஒரு முட்டிக்காகத் தன் ஆட்டத்தையே வளைத்துக்கொண்டது. அன்பால்தான் செய்தோம்.

வடக்கே தூறல் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

கடைசிச் சுற்று. இரண்டு அணியும் சமம். என் இரண்டாவது பந்தை விட்டேன். கையிலிருந்து போகும்போதே தெரிந்தது. வெளியே அகலமாகப் போய், மெல்லத் திரும்பி, தூங்கப் போகிற குழந்தை மாதிரி வந்து ஜாக்கில் சாய்ந்தது. ஜாக் லேசாக அசைந்தது. அக்கா கையைத் தூக்கினார். "டச்" என்று அவர் சொன்னது என் முனைவரை கேட்டது. அவர் பக்கத்திலேயே எதிரணியின் ஸ்கிப்பும் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு மற்றவர்கள் ஆடினார்கள். ஸ்கிப்கள் ஆடும் முறை வந்ததும் நாங்கள் ஜாக் பக்கம் நடந்தோம், அவர்கள் எங்கள் முனைக்கு நடந்தார்கள். நடுவில் எதிர்ப்பட்டபோது அக்கா என் தோளைத் தட்டி, "சூப்பர் பந்துடி" என்றார். சந்தோஷமாகப் போனேன். போய்ப் பார்த்தால் என் மெரூன் பந்து ஜாக்கின்மேல் சாய்ந்து நிற்கிறது, பளபளவென்று, மேலே ஒன்றுமே இல்லாமல்.

மூன்றாவதாக ஆடுபவளிடம், கோடு எங்கே என்று கேட்டேன். "அக்காதான் டச்னு சொல்லிட்டாங்களே" என்றாள் அவள், ஒன்றுமே நடக்காத மாதிரி. இனிமேல் போட்டாலும் செல்லாது. எத்தனையோ பந்துகள் வந்து நின்றாகிவிட்டது. ஒரே வழி, அந்தப் பந்து பள்ளத்தில் விழாமல் இருக்க வேண்டும்.

எதிரணி ஸ்கிப்பின் கடைசிப் பந்து. அவருக்கு வேறு வழியில்லை, முழு வேகத்தில் அடித்தார். பந்துகள் சிதறின. ஜாக் பள்ளத்தில் போய் விழுந்தது, என் பந்தும் கூடவே விழுந்து அதை ஒட்டி நின்றது. ஜாக்குக்கு உயிர் உண்டு. என் பந்துக்கும் உயிர் இருந்தால் நாங்கள் ஜெயித்தோம். நடுவர் வந்தார். குனிந்தார். பந்தை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோடு இல்லை. வெளியே வைத்துவிட்டார்.

எதிரணி ஸ்கிப் ஒரு வார்த்தை பேசவில்லை. டச் என்று காதால் கேட்டவர். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. விதி அவர் பக்கம்.

ஆட்டம் போனது போகட்டும். நல்ல பந்து போட்டது யார் என்றுதானே தேர்வு? சாயங்காலம் குழுவில் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, கடைசிச் சுற்றில் உன் பந்து எதுவும் நிற்கவில்லையே என்றார் இந்தியில். தொட்டது சார், கோடு போடவில்லை, எங்கள் ஸ்கிப்பைக் கேளுங்கள் என்றேன். அக்காவைக் கூப்பிட்டார்கள். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். நான் நிம்மதியாக நின்றேன். அக்கா சொல்லிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு இந்தியில் சொன்னார். தொட்டிருந்தால் நான் கோடு போட்டிருப்பேனே சார்.

எவ்வளவு அழகான பொய். ஒரு ஓட்டை கிடையாது. இத்தனை வருட அனுபவமுள்ள ஸ்கிப், தொட்ட பந்துக்குக் கோடு போடாமல் இருப்பாரா? கோடு இல்லை, ஆகவே தொடவில்லை. தன் தப்பையும் மறைத்தாயிற்று, என் பந்தையும் அழித்தாயிற்று. பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் புரட்ட ஆரம்பித்தார்.

நான் சொல்லிவிட்டேன். நாலு பேரும் சேர்ந்து காத்த ரகசியத்தை அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்தேன். இவருக்கு முட்டி போய்விட்டது சார், குனிய முடியாது, அதனால்தான் போடவில்லை என்றேன். கூட வந்த இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ வீட்டில் திருடிவிட்ட மாதிரி. பெரியவர் அக்காவைப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார், விளையாட்டாகத்தான்.

அக்கா சிரித்தார். புல்லில் ஒரு ஜாக் கிடந்தது. அதன் பக்கத்தில் போய், இரண்டு முட்டியையும் மடக்கி, தண்ணீர்க் குழாயடியில் உட்காருவதுபோல அப்படியே உட்கார்ந்தார். ஜாக்கை எடுத்தார். எழுந்தார். தூசி தட்டி அதைப் பெரியவர் கையில் கொடுத்தார். மேலுதட்டில் மட்டும் வியர்வை பூத்திருந்தது. சிரிப்பு மாறவே இல்லை.

பெரியவரும் சிரித்தார். சின்னப் பெண், தோல்வியை ஏற்கப் பழகு என்று எனக்குப் புத்தி சொன்னார்.

எல்லோரும் நினைப்பார்கள், அந்தப் பொய்யில்தான் எனக்குக் கோபம் என்று. அதுகூட இல்லை. அவரால் குனிய முடிந்தது. அதுதான். தன் இடத்துக்கு ஆபத்து என்றதும் அந்த முட்டி மடங்கியது. மதியம் என் பந்து ஜாக்கில் சாய்ந்து நின்றபோது மடங்கவில்லை. வலியைத் தாங்க முடியாதவர் என்று இத்தனை நாள் பந்து எடுத்துக் கொடுத்தோம், பொய் சொன்னோம், ஆட்டத்தையே மாற்றினோம். தாங்க முடியும். எதற்காகத் தாங்குவது என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். அதில் நான் இல்லை.

அக்கா தேர்வானார். லீட் இடம் அந்த மாநிலத்துப் பெண்ணுக்குப் போனது. என் பெயர் ரிசர்வில்கூட இல்லை.

திரும்பும்போது ரயிலில் எதிரெதிர் இருக்கை. மற்ற இருவரும் டீ வாங்க இறங்கியிருந்தார்கள். அக்கா வலது காலை நீட்டி வைத்திருந்தார், முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அக்கா, தொட்டுச்சா இல்லையா?"

"தொட்டுச்சிடி" என்றார் உடனே. ஒரு தயக்கமும் இல்லை. "எனுக்குத் தெரியாதா? என் கண்ணு முன்னாடிதானே."

"அப்ப ஏங்க்கா?"

"எனுக்கு இதான் கடைசி. உனுக்கு இன்னும் எத்தினி இருக்குது."

அவர் முன்னால் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சின்னவள் என்றால் காத்திருக்கலாம் என்று இந்த ஊரில் யார் சட்டம் போட்டது? எனக்கு எத்தனை இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்தியாவில் லான் பவுல்ஸ் அடுத்த வருடம் இருக்குமா என்றே யாருக்கும் தெரியாது.

அத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை ஆறியிருப்பேன். அணி கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அக்கா ஃபோன் செய்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பெண்ணிடம் சொந்தப் பந்து இல்லையாம், மாநிலத்துச் செட் பெரிய அளவாம், கைக்கு அடங்கவில்லையாம்.

"உன்து சின்ன சைஸ்தானே. குடுத்தனுப்புடி, பத்திரமா கொண்டாந்து தர்றேன்."

புரிகிறதா? என் பந்துகள் போகலாம், நான் போகக்கூடாது. அதிகநேர வேலை பார்த்து, வேறொரு நாட்டு ஆட்டக்காரியிடம் பழையதாக வாங்கிய நாலு பந்து. அதில் ஒன்று, தொடவே இல்லை என்று அவர் சொன்ன பந்து.

"நம்ம வாட்ஸ்அப் குரூப்ல செலக்டர் சார் இருக்காருல்ல," என்றேன். "அதுல 'தொட்டுச்சு'ன்னு ஒரு வார்த்தை போடுங்க. ஏர்போர்ட்டுக்கு நானே தூக்கிக்கினு வர்றேன்."

"அதுக்கும் இதுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"அதே பந்துதாங்க்கா."

அக்கா வைத்துவிட்டார். அன்று மாலைக்குள் மாநிலச் சங்கத்துச் செயலாளரிடமிருந்து அழைப்பு. உனக்கு நாட்டுப்பற்று இல்லையா என்று கேட்டார். காய்கறி கேட்டில் என்னை நிற்க வைத்தபோது வராத நாடு இப்போது பந்து கேட்டு வந்திருக்கிறது. அம்மாவும் ஆரம்பித்தார். "குடுத்துடும்மா, நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. எப்படியும் இந்தியாதானே ஆடுது." நான் வேலைக்குப் போன நேரத்தில் அம்மா யாரிடமாவது தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று பயந்து, அந்த வாரம் முழுக்கப் பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பீன்யா போய் வந்தேன். மெட்ரோவில் தினமும் பையைத் திறக்கச் சொல்வார்கள். நாலு கனமான உருண்டைகளைப் பார்த்ததும் காவலருக்கு முகம் மாறும். விளையாட்டுச் சாமான் சார் என்பேன். தோள்பட்டை கன்றிப்போனது.

அவர்கள் கிளம்பிய காலை குரூப்பில் ஏர்போர்ட் படம் வந்தது. நீலச் சட்டையில் நாலு பேர். அக்கா நடுவில், வலது காலை லேசாகத் தளர்த்தி நின்றிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல்கள், கொடிகள், ஆல் தி பெஸ்ட்கள். நான் மெஜஸ்டிக்கில் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தேன். இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். பிறகு இந்தியில், ஆங்கிலத்தில், யாருக்கும் புரியவில்லை என்று இருக்கக்கூடாதே என்று கன்னடத்திலும் எழுதினேன். கடைசிச் சுற்றில் என் பந்து ஜாக்கைத் தொட்டது, ஸ்கிப் டச் என்று சொன்னார், ரயிலில் என்னிடம் ஒப்புக்கொண்டார். அனுப்பினேன்.

பீன்யா இறங்குவதற்குள் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். எதிரணி ஸ்கிப்பாவது ஒரு வார்த்தை எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. எழுதியிருக்கமாட்டார்.

அடுத்த தேர்வு எப்போது, எங்கே என்று அந்தக் குரூப்பில் மட்டும்தான் போடுவார்கள். அதனால் சனிக்கிழமைதோறும் சங்க அலுவலகத்துக்கே போய்விடுகிறேன். செயலாளர் என்னைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வார். தேதி வந்ததா சார் என்று கேட்பேன். இன்னும் இல்லம்மா என்பார். அப்படியென்றால் அடுத்த வாரம் வருகிறேன் என்பேன்.

போன வாரம் போனபோது எனக்கு வழக்கமாகப் போடும் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். நின்றுகொண்டே கேட்டேன்.